தொழிலாளர் சட்டமா, தொழிலுறவா: மேற்படிப்பில் எதை எடுப்பது?

தொழிலாளர் சட்டத்தில் மேற்படிப்பு படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓர் ஆலையில் நூறு பேரை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விவகாரத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்? நீதிமன்றத்தில் வழக்கை நடத்தும் இடத்திலா, தொழிற்சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தை மேசையிலா, நிறுவனத்தின் எச்.ஆர். என்ற மனிதவளப் பிரிவின் அறையிலா, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் சமரச அதிகாரியின் நாற்காலியிலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும். தெரியாமல் சேர்ந்தால், நல்ல படிப்பாகவே இருந்தாலும் நமக்கு உதவாமல் போய்விடும்.

கையில் இருக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கு. சட்டப் பட்டத்துக்கு மேல் படிக்கும் எல்.எல்.எம். ஒன்று. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சங்கங்களுக்கும் இடையிலான உறவைப் படிக்கும், சமூக அறிவியல் பக்கத்திலிருந்து வரும் தொழிலுறவு முதுகலை இன்னொன்று, இது எம்.ஏ. என்றோ எம்.எஸ்சி. என்றோ வரும். மூன்றாவது மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. போன்ற பட்டம். நான்காவது, வேலை பார்த்துக்கொண்டே முடிக்கக்கூடிய முதுகலை டிப்ளமோ. நான்கின் பாடத்திட்டத்திலும் தொழிலாளர் சட்டம் என்று ஒரு தாளாவது இருக்கும் என்பதால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வகுப்பறைக்குள் நடப்பது வேறு வேறு.

ஒரே வழக்கு, இரண்டு வகுப்புகள்

ஊபர் ஓட்டுநர்களின் வழக்கை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 2016இல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மேல்முறையீடுகளைத் தாண்டி 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள், நாங்கள் அவர்களையும் பயணிகளையும் இணைப்பவர்கள் மட்டுமே என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் பெறும் உரிமையுள்ள தொழிலாளர்கள்தான் அவர்கள் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

எல்.எல்.எம். வகுப்பில் இதைப் பிரிக்கும் விதம் இப்படி இருக்கும். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை நீதிபதி எவ்வளவு தூரம் நம்ப வேண்டும்? தொழிலாளரைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் எல்லையை, முதலாளியே எழுதிக் கொடுத்த காகிதம் தீர்மானிக்கலாமா? கார் கழுவுபவர்கள் தொடுத்த ஆட்டோகிளென்ஸ் வழக்கில், காகிதத்தில் உள்ளதைவிட உண்மை நிலையைப் பார்க்க வேண்டும் என்று 2011இல் இதே நீதிமன்றம் சொன்னதைவிட இது எவ்வளவு தூரம் முன்னே போகிறது? வேலை நேரம் எப்போது தொடங்குகிறது, ஆப்பைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும்போதா, பயணி ஏறிய பிறகா? தீர்ப்பின் ஒரே பத்தியை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் பேசுவார்கள். ஒரு சொல்லை எப்படிப் படித்தால் யாருக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்று பார்க்கப் பழக்கும் இந்தப் பயிற்சியை மற்ற மூன்று வழிகளும் இந்த அளவுக்குத் தருவதில்லை.

தொழிலுறவு வகுப்பில் அதே வழக்கு வேறு முகம் காட்டும். கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பயணி போடும் நட்சத்திர மதிப்பெண், பழைய மேற்பார்வையாளரின் வேலையை எப்படிச் செய்கிறது? ஒரே வாசலில் ஒன்றாக நுழையாத, ஒருவரையொருவர் பார்த்தே இருக்காத ஓட்டுநர்களைச் சங்கமாகச் சேர்ப்பது எப்படி? தீர்ப்பு வந்து மூன்றே மாதத்தில், 2021 மே மாதம், ஜி.எம்.பி. என்ற பிரிட்டன் தொழிற்சங்கத்தை அதே நிறுவனம் அங்கீகரித்ததே, அதன் கணக்கு என்ன? அங்கே தீர்ப்பு பாடத்தின் நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றுக்குத்தான் அதிக நேரம் போகும்.

இந்த இரண்டில் எது உங்களை உட்கார வைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டு துறைகளும் அடிப்படையில் ஒன்றையொன்று தேடுபவை என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டோ கான்-ஃப்ராய்ண்ட் பெர்லின் தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1933இல் நாஜி அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. லண்டன் பொருளியல் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பிறகு அங்கேயே ஆசிரியராகி, பிரிட்டனில் தொழிலாளர் சட்டத்தைத் தனித் துறையாக வளர்த்தார். 1965இல் தொழிற்சங்கங்களையும் முதலாளிகள் சங்கங்களையும் ஆராய பிரிட்டன் அரசு டோனவன் ஆணையத்தை அமைத்தபோது அவரும் அதில் உறுப்பினர். தொழிலுறவு அறிஞர் ஹியூ கிளெக் இன்னோர் உறுப்பினர். 1968இல் வந்த அறிக்கை, நாட்டில் இரண்டு தொழிலுறவு அமைப்புகள் ஓடுகின்றன என்று சொன்னது. ஒன்று ஏட்டில் இருப்பது: ஒரு தொழில் முழுமைக்கும் போட்ட ஒப்பந்தம். மற்றது ஆலைக்குள் இருப்பது: மேனேஜரும் சங்கப் பிரதிநிதியும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட நடைமுறை. சட்டம் மட்டும் படித்தவருக்கு இரண்டாவது கண்ணில் படாது. தொழிலுறவு மட்டும் படித்தவர், தகராறு முற்றியதும் முதலாவதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதப்படும் என்பதை மறந்துவிடுவார்.

சட்டம் எல்லை தாண்டாது

எல்.எல்.எம். பக்கம் சாய்பவர்கள், அதுவும் வெளிநாடு போய்ப் படிக்க நினைப்பவர்கள், ஒன்றை நன்றாக யோசிக்க வேண்டும். வரிச் சட்டத்தைப் போலவே தொழிலாளர் சட்டமும் அந்தந்த நாட்டோடு இறுகக் கட்டப்பட்டது. ஜெர்மனியில் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர்கள் தங்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசும் பணிக்குழு அமைத்துக்கொள்ளலாம். 2,000 பேருக்கு மேல் உள்ள கம்பெனிகளில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலோ, சங்க ஒப்பந்தம் இல்லாத தனியார் வேலையில், காரணம் சொல்லாமலே ஒருவரை அனுப்பிவிடலாம். பாகுபாடு போன்ற சில தடைகளை மீறாமல் இருந்தால் போதும். இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பது அறிவுக்கு நல்ல தீனி. ஆனால் ஊருக்குத் திரும்பிவந்து தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்கும்போது அது நேரடியாகக் கைகொடுக்காது.

அனைத்துலக சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1919இல் தொடங்கிய ஐ.எல்.ஓ. என்ற அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை சங்கம் அமைக்கும் உரிமையையும், 98ஆம் உடன்படிக்கை, சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் கூட்டுப் பேர உரிமையையும் பேசுகின்றன. இரண்டிலும் இலங்கை கையெழுத்திட்டு ஏற்றிருக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் இரண்டையுமே ஏற்கவில்லை. எனவே அனைத்துலகப் பாடத்தில் கற்றது உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் எவ்வளவு செல்லும் என்பது உங்கள் நாட்டைப் பொறுத்தது.

வெளிநாட்டு எல்.எல்.எம். யாருக்குப் பொருந்தும்? கல்லூரியில் சொல்லிக்கொடுக்கவோ ஆராய்ச்சி செய்யவோ போகிறவர்களுக்கு, ஐ.எல்.ஓ. போன்ற அமைப்புகளிலும் உலகளாவிய சங்கக் கூட்டமைப்புகளிலும் வேலை தேடுபவர்களுக்கு, பல நாடுகளில் ஆட்கள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்பவர்களுக்கு. உள்ளூரில் வழக்கு நடத்தப் போகிறவர் உள்ளூரிலேயே படிப்பது மேல்.

இன்னொரு விஷயம். எல்.எல்.எம். முடித்தால் வக்கீலாகிவிடலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டு சேருகிறார்கள். இந்தியாவில் எல்.எல்.பி.யும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டராக 2021 முதல் தனித் தேர்வு முறை இருக்கிறது. எல்.எல்.எம். ஏற்கெனவே இருக்கும் தகுதியை ஆழமாக்குமே தவிர, இல்லாத தகுதியைத் தராது. சட்டம் படிக்காதவர்களையும் சில பல்கலைக்கழகங்கள் இந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய அனுமதி உண்டு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சட்டம் மாறும் வேகமும் கணக்கில் வர வேண்டும். இந்தியாவில் 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டங்களின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களுக்கு அது ஒரே நாளில் பழைய சரக்காகிவிட்டது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியைப் பாருங்கள். 1976இல் 300 பேருக்கு மேற்பட்ட ஆலைகளுக்கு என்று வந்தது, 1980களில் 100 என்று இறங்கியது, புதிய தொகுப்பில் மறுபடியும் 300 ஆகியிருக்கிறது. அந்த எண் ஏன் ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு முறையும் யார் கை ஓங்கியிருந்தது, எண்ணிக்கைக்குக் கீழே நிற்பதற்காகக் கம்பெனிகள் கான்ட்ராக்ட் ஆட்களை எப்படி வைத்துக்கொண்டன என்பதைப் படித்தவர் அடுத்த திருத்தம் வந்தாலும் தடுமாற மாட்டார். இந்தக் காரணத்துக்காகவே, எல்.எல்.எம். படித்தாலும் அதில் தொழிலுறவுத் தாள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வக்கீல் அல்லாதவருக்கும் இடமுள்ள துறை

தொழிலுறவு முதுகலையைக் கொஞ்சம் கீழாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. சட்டப் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் என்ன செய்துவிட முடியும் என்பார்கள். நிறையச் செய்யலாம். இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36ஆம் பிரிவு, தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராக வேண்டுமானால் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. சங்க நிர்வாகிக்கும் முதலாளிகள் சங்கத்தின் அதிகாரிக்கும் அந்தத் தடை இருக்கவில்லை. பிரிட்டனின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் ஒருவருக்காக யார் வேண்டுமானாலும் ஆஜராகலாம். தகராறுகள் சீக்கிரம், செலவில்லாமல், வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவர்களால் தீர்க்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தில் வந்த ஏற்பாடு இது. சங்கத்துக்காரர்களில் வழக்கு நடத்துவதில் தேர்ந்தவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

இந்தப் படிப்பின் உயிர்நாடி பேச்சுவார்த்தைப் பயிற்சி. ஒரு கம்பெனியின் வரவுசெலவுக் கணக்கைக் கையில் கொடுத்து, பாதிப் பேரை நிர்வாகமாகவும் பாதிப் பேரைச் சங்கமாகவும் உட்கார வைப்பார்கள். அடிப்படைச் சம்பளத்தில் நூறு ஏற்றிக் கேட்போம் என்று எளிதாகத் தொடங்குவார்கள். அப்புறம்தான் தெரியும், அந்த நூறு அதோடு நிற்காது என்று. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஓவர்டைம் என்று அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் எல்லாமே கூடும். அதையே அடிப்படையில் சேராத படியாக (அலவன்ஸாக) கொடுக்கிறோம் என்று நிர்வாகத் தரப்பு சொல்லும்போது, சங்கத் தரப்பில் இருப்பவருக்கு இது ஏன் இழப்பு என்று உடனே உறைக்க வேண்டும். மறுநாள் நாற்காலிகளை மாற்றிப் போடுவார்கள். நேற்று கேட்டவர் இன்று மறுக்க வேண்டும். எந்தத் தரப்பில் வேலை செய்யப் போகிறவருக்கும் இந்தப் பயிற்சி பெரிய சொத்து. பாடத்திட்டத்தில் இது இல்லாத தொழிலுறவுப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறையும் உண்டு. தீர்ப்பைக் கையில் கொடுத்தால் எது தீர்ப்பின் காரணம், எது போகிறபோக்கில் சொன்னது என்று பிரிக்கத் தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம். தொழிலுறவு என்ற பெயரில் வரும் வேலைகளும் எச்.ஆர். வேலைகளைவிடக் குறைவு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொழிலுறவுப் பள்ளி 1945இல் தொடங்கியது; வார்விக் பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு ஆராய்ச்சிப் பிரிவு 1970இல். சங்கங்கள் வலுவாக இருந்த காலம் அது. சங்க உறுப்பினர் எண்ணிக்கை பல நாடுகளில் சரிந்த பிறகு நிறையத் துறைகள் மனிதவள மேலாண்மைப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு தாளாகப் பார்க்க வேண்டும். சங்கத்தில் வேலை செய்பவர்கள் குளோபல் லேபர் யூனிவர்சிட்டி என்ற கூட்டமைப்பின் படிப்புகளைப் பாருங்கள். ஜெர்மனியில் கஸ்ஸல் பல்கலைக்கழகமும் பெர்லின் பொருளாதார, சட்டப் பள்ளியும் சேர்ந்து நடத்தும் முதுகலை அதில் ஒன்று. பல நாட்டுச் சங்கத்துக்காரர்களோடு ஒரே வகுப்பில் உட்காரக் கிடைப்பதே அதில் பெரிய பாடம்.

எம்.பி.ஏ.வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை கிடைக்கும், சம்பளமும் பரவாயில்லை. ஆனால் அதில் தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் ஒரே ஒரு தாள். கம்பெனி ஒரு குடும்பம், தகராறு வந்தால் யாரோ சரியாகப் பேசவில்லை என்று அர்த்தம் என்ற பார்வைதான் அதன் அடியில் ஓடும். ஆலன் ஃபாக்ஸ் 1966லேயே இந்தப் பார்வையைத் தனியாகப் பிரித்துக் காட்டி, வேலையிடத்தில் வெவ்வேறு நலன்கள் மோதுவது இயல்பு என்ற மறுபார்வையை முன்வைத்தார். எச்.ஆர். வேலைக்கே போவதென்றாலும் இந்த மறுபார்வையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கூட்டுப் பேரம் நடக்கும் நாளில் அது தெரியாதவர்தான் முதலில் குரலை உயர்த்துவார்.

டிப்ளமோ சின்னதல்ல

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் முதலில் காட்டும் வழி, பகுதிநேர முதுகலை டிப்ளமோ. ஒரு வருடம், மாலை வகுப்பு அல்லது வார இறுதி வகுப்பு, உள்ளூர்ச் சட்டம். பெயரில் பளபளப்பு இல்லாததால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதில் கிடைப்பது என்ன என்பதற்கு ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு தொழிலாளி மேற்பார்வையாளரை அடித்துவிட்டார் என்று புகார். குற்றச்சாட்டை எழுத்தில் சொல்லும் சார்ஜ் மெமோ கொடுக்க வேண்டும். ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்’ என்று மட்டும் எழுதினால் அது மெமோவே ஆகாது. எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த இடம், என்ன செய்தார், ஆலையின் வேலை, ஒழுங்கு விதிகளைச் சொல்லும் நிலையாணையின் எந்த விதியை மீறினார் என்று இருக்க வேண்டும். பதில் சொல்ல நியாயமான அவகாசம் வேண்டும். புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. சாட்சிகளைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். நிர்வாகம் நம்பும் ஆவணத்தின் நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும். விசாரணை முடிந்த பிறகும், அவருடைய பத்து வருடப் பழைய பதிவைப் பார்த்து, இந்தத் தப்புக்கு வேலையைப் பறிப்பது அதிகமா என்று யோசிக்க வேண்டும். இதில் ஓர் அடி தவறினாலும் நீதிமன்றத்தில் உத்தரவு நிற்காமல் போகலாம். அப்போது, அடித்தது உண்மையாகவே இருந்தாலும், நிர்வாகம் எல்லாவற்றையும் அங்கே முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும். மறுபக்கம், அடிக்கவே இல்லாத ஒருவருக்கு அவர் பக்கத்தைச் சொல்ல இருக்கும் வாய்ப்பும் இதே அடிகள்தான். டிப்ளமோ வகுப்பில் இதை ஒரு கோப்பாகவே நடத்திக் காட்டுவார்கள். எச்.ஆர்.காரரும் சங்கத்துக்காரரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அதே கோப்பைப் படிப்பார்கள் என்பதை நான் இதன் பெரிய பலமாகவே நினைக்கிறேன்.

சரி, ஆளுக்கு ஆள் எப்படி முடிவு செய்வது? எல்.எல்.பி. முடித்த கையோடு எல்.எல்.எம். சேர வேண்டாம் என்பேன். இரண்டு வருடமாவது தொழிலாளர் வழக்கு நடத்தும் சீனியர் ஒருவரிடம் இருந்துவிட்டுப் போனால், வகுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். சட்டம் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு சட்டப் பட்டத்தைவிடத் தொழிலுறவு முதுகலைதான் அதிகம் கற்றுத்தரும் என்பதும் என் கருத்து. கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களுக்கு எல்.எல்.எம். தவிர்க்க முடியாதது. எச்.ஆர். பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவர் இன்னொரு மேலாண்மைப் பட்டத்துக்குச் செலவழிப்பதைவிட டிப்ளமோவைப் படிக்கலாம். சங்க வேலையில் இருப்பவருக்கு முழுநேர முதுகலை அரிய வாய்ப்பு, ஆனால் ஒரு வருடம் ஆலையை விட்டு விலகி இருந்தால் உறுப்பினர்களோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோகும் அபாயம் உண்டு. பகுதிநேரப் படிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். அரசுத் தொழிலாளர் துறையில் சமரச வேலைக்குப் போக நினைப்பவர், அந்தப் பதவிக்கு எந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்று பணி விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் வேறு எதையும் யோசிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பட்டம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் விண்ணப்பம் தாண்டாது.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தேடுபவர்கள் அதன் நிபந்தனைகளைப் பார்த்து ஆண்டுகளைத் திட்டமிட வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் தேவை. படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் கடன் வாங்கிப் போகிறவர்கள், திரும்பி வந்தபின் சங்கத்திலோ தொழிலாளர் தரப்பு வக்கீலாகவோ இருக்க விரும்பினால், அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் அங்கே வருமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். தொழிலாளர் பக்கம் நிற்க ஆசைப்பட்டுப் படிக்கப்போய், கடனுக்காக எதிர்ப்பக்கம் வேலைக்குச் சேரும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

சேரும் முன், கடந்த ஆண்டு வினாத்தாள் ஒன்றையும் ஆய்வுத் தலைப்புகளின் பட்டியலையும் துறையிடம் கேளுங்கள். தருவார்கள். வினாத்தாளில் ‘விளக்குக’, ‘குறிப்பு வரைக’ என்றே இருந்தால், அது மனப்பாடப் படிப்பு. ஒரு தகராறை விவரித்து யாருக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று கேட்டிருந்தால் நம்பிக்கையோடு சேரலாம். பணிநீக்கம், பாகுபாடு, சம்பளப் பாக்கி போன்ற தனிநபர் உரிமைகளுக்கு எத்தனை தாள், சங்கம், வேலைநிறுத்தம், கூட்டுப் பேரம் இவற்றுக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். பின்னது ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் படிப்பின் தலைப்பில் தொழிலுறவு என்ற சொல் இருந்தாலும், நான் பணம் கட்ட மாட்டேன்.